விலகியவரின் லாகினில் ஓடிய இரவு வேலைகள்

குலசேகரத்தில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் சர்வரை மாதம் இருமுறை நேரில் சென்று பார்ப்பது என் பொறுப்பு. மற்ற நாட்களில் நாகர்கோவிலில் இருந்தபடியே கவனித்துக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே கணக்கு எழுதும் அக்கா அழைத்து, சனிக்கிழமைக்கான பணப்பட்டியல் வரவில்லை என்றும், பால் கொடுத்தவர்கள் பத்து மணிக்கெல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார். அடுத்த நான்கு நாட்களில் நான் அங்கே செய்தவற்றையும் தவறியவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தச் சர்வர் இரவில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் பாலுக்கு எடைக்கு எடை பணம் கிடையாது. பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவுக்கே விலை. அந்தச் சதவீதத்தைத்தான் எல்லோரும் டி.ஆர்.சி. என்கிறார்கள். நூறு கிலோ பாலுக்கு டி.ஆர்.சி. 35 என்றால் 35 கிலோவுக்குத்தான் பணம். மூன்று சேகரிப்பு மையங்களிலிருந்தும் எடையும் டி.ஆர்.சி.யும் அடங்கிய கோப்புகள் மாலைக்குள் சர்வருக்கு வந்து சேரும். இரவு 9.30க்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகளின் கோப்பு, அவற்றை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றி, முதலாளி அன்று பதிந்த விலையால் பெருக்கி, ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும். 11 மணிக்கு இன்னொரு ஸ்கிரிப்ட் வங்கிக்கு அனுப்ப வேண்டிய பட்டியலைத் தயாரிக்கும். நள்ளிரவுக்குப் பின் 1 மணிக்கு மூன்றாவது ஸ்கிரிப்ட் பேக்கப் எடுத்து நாகர்கோவில் கிளையில் உள்ள கணினிக்கு அனுப்பும். இவை மூன்றும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் வழியாக ஓடின. யாருடைய பெயரில் ஓடின என்பதை நான் உட்பட யாரும் அதுவரை கேட்டதில்லை.

சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்தபோது சனிக்கிழமை இரவு 9.30க்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது: அந்தப் பயனர் கணக்கு காலாவதியாகிவிட்டது என்று, பயனர்களை அனுமதிக்கலாமா எனச் சோதிக்கும் பாம் அமைப்பு கிரானிடம் சொல்லியிருந்தது. ஐந்து ஆண்டுகளாக அங்கே கணினி வேலைகளைப் பார்த்துவந்த இளைஞர் சனிக்கிழமை மதியத்தோடு வேலையிலிருந்து விலகியிருந்தார். மூன்று வேலைகளும் அவருடைய சொந்த லாகினின் கிரான் பட்டியலில்தான் இருந்தன. வேலை தொடங்கவே இல்லை என்பதால் பிழைச் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பவும் எதுவும் இல்லை.

"அவன் போனதும் லாகின மூடச் சொன்னது நான்தான் தம்பி. அது தப்பாப் போச்சா?" என்று முதலாளி கேட்டார். தவறே இல்லை. மூடியவர், உலாவி வழியாகச் சர்வரை நிர்வகிக்கும் வெப்மினில் பயனர் பக்கத்துக்குச் சென்று காலாவதித் தேதியைப் பதிந்திருந்தார். அதுதான் சரியான முறை. கடவுச்சொல்லை மட்டும் பூட்டியிருந்தால் கிரான் வழக்கம்போல ஓடியிருக்கும், பட்டியலும் வந்திருக்கும், ஆனால் கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சாவி வைத்திருப்பவர் அந்தச் சாவியால் உள்ளே வரும் வழியும் திறந்தே கிடந்திருக்கும். கடவுச்சொல்லைப் பூட்டுவதும் கணக்கைக் காலாவதியாக்குவதும் ஒன்றல்ல என்பதைப் பலர் இன்னும் கவனிப்பதில்லை.

பத்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. விலகியவரின் கணக்கை மீண்டும் திறக்க மனமில்லாததால், எல்லா உரிமையும் உள்ள ரூட் என்ற நிர்வாகிப் பயனராக நுழைந்து மூன்று ஸ்கிரிப்ட்டுகளையும் கையாலேயே ஓட்டினேன். பட்டியல் வந்தது, பணமும் போனது. அந்த அவசரத்தில் நான் செய்த பிழை மறுநாள்தான் வெளிப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று மதியம் குலசேகரம் போய்ச் சேர்ந்தேன். சர்வர் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில்தான் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். அந்த நெடி பழகவே எனக்கு அரை மணி நேரம் ஆகும். பழைய அமைப்பைத் தாளில் வரைந்து பார்த்தபோது விலகியவரின் லாகினுக்கு எல்லாக் கட்டளைகளையும் கடவுச்சொல் இல்லாமலே ரூட்டாக ஓட்டும் சுடோ உரிமை இருந்தது தெரிந்தது. மூன்று ஸ்கிரிப்ட்டுகளில் ஒன்றே ஒன்றுக்கு, அதுவும் ரசீது அச்சிடும் சர்வீஸை மறுதொடக்கம் செய்யும் ஒரு வரிக்காக, ரூட் உரிமை தேவைப்பட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகக் கொடுத்தது மொத்தச் சர்வரின் சாவி.

புதிய அமைப்பில் மனிதர்களின் பெயரில் எந்த வேலையும் ஓடக் கூடாது என்று முடிவு செய்தேன். கணக்கீட்டுக்கு ஒன்று, வங்கிப் பட்டியலுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என மூன்று சிஸ்டம் பயனர்களை உருவாக்கினேன். மூன்றுக்கும் கடவுச்சொல் கிடையாது; கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல்லுக்குப் பதில், யாரையும் உள்ளே விடாத நோலாகின். ஒரே சர்வீஸ் பயனர் போதாதா என்று முதலில் எனக்கே தோன்றியது. ஆனால் பேக்கப் எடுப்பவர் எல்லாவற்றையும் படிக்க வேண்டும், எதையும் எழுதக் கூடாது. கணக்கிடுபவர் சில அட்டவணைகளில் எழுத வேண்டும், விலையைத் தொடக் கூடாது. இந்த இரண்டும் ஒரே பெயருக்குள் அடங்காது.

அன்றிரவு கணக்கீட்டு வேலையைப் புதிய பயனரின் பெயரில் விட்டுப் பார்த்தேன். 9.30க்குத் தொடங்கி அதே நொடியில் விழுந்தது: பெர்மிஷன் டினைட், அதாவது அனுமதி மறுப்பு. ஸ்கிரிப்ட்டின் அனுமதிகள் சரியாக இருந்தன, அது இருந்த ஃபோல்டரும் சரியாக இருந்தது. நேம்ஐ கட்டளையை எல் விருப்பத்தோடு ஓட்டினால், ஒரு பாதையில் உள்ள ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிவரியாகக் காட்டும். வேரிலிருந்து படித்துக்கொண்டே இறங்கியபோது, மூன்றாவது வரியில் விலகியவரின் வீட்டு ஃபோல்டர் 700 என்று, அதாவது அவரைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாதபடி, நின்றது. அந்தச் சர்வரில் உள்ள லினக்ஸ் வகையான டெபியன் 12 புதிதாக உருவாக்கும் வீட்டு ஃபோல்டர்கள் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். கடைசிப் படி திறந்திருந்து என்ன பயன், நடுவில் ஒரு கதவு மூடியிருந்தால் அதற்கு அப்பால் யாரும் போக முடியாது. ஸ்கிரிப்ட்டுகள் ஐந்து ஆண்டுகளாக ஒருவருடைய வீட்டுக்குள்தான் இருந்திருக்கின்றன.

அவற்றை ஆப்ட் ஃபோல்டருக்கு மாற்றி, உரிமையை ரூட்டுக்கும், படிக்கவும் ஓட்டவும் மட்டும் அந்தந்த சர்வீஸ் பயனரின் குழுவுக்கும் கொடுத்து, 750 என்று வைத்தேன். ஓட்டுபவரே ஸ்கிரிப்ட்டைத் திருத்த முடிந்தால், நாளை அந்த ஸ்கிரிப்ட்டுக்கு நாம் தரும் எந்த உரிமையும் அவர் விரும்பியதைச் செய்யும் உரிமையாகிவிடும். ஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் பூட்டிவிட்டு, அது இருக்கும் ஃபோல்டரை எழுதும்படி விட்டாலும் அதே கதிதான். பழைய கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதியதை வைத்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை இரவு மீண்டும் பெர்மிஷன் டினைட். இம்முறை குற்றவாளி நான்தான். திங்கட்கிழமை காலை ரூட்டாக ஓட்டியபோது, ஸ்கிரிப்ட் தன் லாக் கோப்பைப் புதிதாக உருவாக்கியிருந்தது. அது ரூட்டின் சொத்தாகிவிட்டதால் புதிய பயனரால் அதில் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்க முடியவில்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையே லாக்கில் நேரம் எழுதுவது, அங்கேயே நின்றுவிட்டது. உரிமையாளரை மாற்றிச் சரிசெய்தேன். பின்னர் யோசித்து, தனி லாக் கோப்பையே ஒழித்துவிட்டு, எல்லா வெளியீட்டையும், சர்வரின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பொதுப் பதிவேட்டுக்குத் திருப்பினேன். அவசரத்துக்கு ரூட்டாக ஓட்டுவது, காயத்துக்குக் கையில் கிடைத்த துணியைக் கட்டுவது போலத்தான். பிறகு அதைப் பிரிக்கும்போதுதான் வலி.

டேட்டாபேஸ் பக்கம் வேலை குறைவு. உள்ளூர் இணைப்புக்கு, லினக்ஸ் பயனரின் பெயரையே அடையாளமாக ஏற்கும் பியர் முறை இருந்ததால், அதே பெயர்களில் போஸ்ட்கிரெஸின் பயனர்களான ரோல்களை உருவாக்கினேன். எங்கும் கடவுச்சொல் எழுதிவைக்க வேண்டியதில்லை. பேக்கப் ரோலுக்கு, போஸ்ட்கிரெஸ் 14 முதல் கிடைக்கும், எல்லாத் தரவையும் படிக்க மட்டும் விடும் முன்வரையறுக்கப்பட்ட ரோலைக் கொடுத்தேன். அட்டவணை அட்டவணையாகப் படிக்கும் உரிமை கொடுத்தால், நாளை உருவாகும் புதிய அட்டவணை அதில் சேராது. பேக்கப்பும் அங்கே முறியும். கணக்கீட்டு ரோலுக்கு இரண்டு அட்டவணைகளில் சேர்க்கவும் திருத்தவும், விலை அட்டவணையைப் படிக்க மட்டும் உரிமை. கோட்டயத்தில் ரப்பர் வாரியம் அன்றாடம் அறிவிக்கும் விலையைப் பார்த்து முதலாளிதான் அந்த எண்ணைப் பதிகிறார். அதை வேறு எந்த நிரலும் மாற்றக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஓட்டிப் பார்த்தபோது, எண் தானாக ஏறும் நெடுவரிசைக்கு உரிய சீக்வென்ஸுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பிழை வந்தது. அட்டவணைக்கு உரிமை கொடுத்தால் சீக்வென்ஸுக்குத் தானாக வராது என்பதை ஒவ்வொரு முறையும் மறந்து, ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

எதிர்பாராத சிக்கல் வங்கிப் பட்டியலில் வந்தது. அது எழுதப்படும் ஃபோல்டரை 2750 என்று வைத்தேன்: உரிமையாளர் வங்கிப் பட்டியல் பயனர், குழு கணக்குப் பிரிவு. முன்னால் உள்ள 2, உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவுக்குச் சேரும்படி செய்கிறது. புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் யூமாஸ்க்கை 027 என்று வைத்ததால் கோப்புகள் 640 ஆக வந்தன. அக்கா படிக்கலாம், மாற்ற முடியாது. ஒரு பணப்பட்டியலுக்கு இதைவிடச் சரியான அனுமதி எதுவும் இல்லை என்று மகிழ்ந்திருந்தேன். புதன்கிழமை காலை அக்கா என்னை அழைத்து, கோப்பைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை, மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

கோப்பைச் சேமிக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று விசாரித்தேன். யாராவது வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிக்கொண்டால், வங்கிக்கு அனுப்பும் முன் அக்கா அந்தக் கோப்பிலேயே எண்ணைத் திருத்திவிடுவார். டேட்டாபேஸில் பழைய எண்ணே இருக்கும்; மறுநாளும் திருத்துவார். திருத்த வேண்டியவர்களின் பெயர்களை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் பதினான்கு பெயர்கள் இருந்தன. அவர் வேண்டுமென்றே விதியை மீறவில்லை. பால் கொடுக்கும் உறுப்பினரின் விவரத்தை மாற்றும் திரை விலகியவரின் லாகினில் மட்டுமே திறந்தது. அவரை ஒவ்வொரு முறையும் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று அக்கா தானாகக் கண்டுபிடித்த வழி இது. அனுமதியை இறுக்கியபோது, ஏட்டில் இல்லாத ஒரு வேலை நடந்துவந்தது கண்ணில் பட்டது.

கோப்பில் எழுதும் உரிமையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கணக்கு எண்ணைக் கையால் மாற்றக்கூடிய பணப்பட்டியல் என்பது, அக்காவின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கும் ஒன்று; நாளை ஏதாவது ஒரு தொகை தவறான இடத்துக்குப் போனால், முதலில் சந்தேகப்படப்போவதும் அவரைத்தான். இதை அவரிடம் சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, "அப்போ எனக்கு அந்தத் திரையத் திறந்து குடுங்க" என்றார். உறுப்பினர் விவரத் திரையில் வங்கி எண்ணை மட்டும் திருத்தும் உரிமையை அவருடைய லாகினுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதியும் அட்டவணை ஒன்றையும் சேர்த்தோம். அன்று பிற்பகலே பதினான்கு எண்களையும் அவர் பதிந்து முடித்துவிட்டார்.

வேலைகளைக் கிரானிலிருந்து சிஸ்டம்டி டைமர்களுக்கு மாற்றியதற்கு முதல் காரணம் மின்சாரம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மலையடிவாரத்தில் மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் ஒன்றாகக் கிடந்ததை முதலாளி இன்னும் பேசுவார். சர்வர் அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையைக் கிரான் மறந்துவிடும். டைமரில் பெர்சிஸ்டென்ட் என்பதை இயக்கி வைத்தால், சர்வர் எழுந்ததும் தவறியதை ஓட்டும். ஆனால் மூன்று வேலைகளுக்கும் மூன்று டைமர்கள் வைத்து, இரவு முழுவதும் சர்வரை அணைத்து வைத்துச் சோதித்தபோது, காலையில் மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பின. கணக்கு முடியும் முன்பே பட்டியல் எழுந்து, பாதித் தொகைகளோடு வந்தது. சோதனைத் தரவு என்பதால் தப்பித்தோம்.

எனவே கணக்கீட்டுக்கு மட்டும் டைமர் வைத்தேன். சிஸ்டம்டியில் ஒவ்வொரு வேலையையும் வரையறுக்கும் கோப்புக்கு யூனிட் என்று பெயர்; கணக்கீடு நல்லபடியாக முடிந்தால் பட்டியலைத் தொடங்கும்படி அதன் யூனிட்டில் ஆன்சக்சஸ் வரியைச் சேர்த்தேன். பட்டியல் முடிந்தால் பேக்கப். கணக்கீடோ பட்டியலோ தோற்றாலும் பேக்கப் எடுக்கப்பட வேண்டும் என்பதால், ஆன்ஃபெயிலியர் வரியில் பேக்கப்பையும் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் யூனிட்டையும் கொடுத்தேன். டெபியன் 12இல் இருக்கும் சிஸ்டம்டி 252இல் இவை எல்லாம் உண்டு.

கணக்கீட்டு யூனிட்டில், வேலை தன் உரிமையை எவ்வகையிலும் கூட்டிக்கொள்ள முடியாதபடி நோ நியூ பிரிவிலேஜஸ் வரியை இட்டதும், ஸ்கிரிப்ட்டின் கடைசியில் இருந்த சுடோ வரி ஓட மறுத்தது. மறுக்கத்தான் வேண்டும், சுடோ என்பதே உரிமையைக் கூட்டிக்கொள்வதுதானே. ரசீது சர்வீஸை மறுதொடக்கம் செய்வதை ஸ்கிரிப்ட்டிலிருந்து எடுத்து, ரூட்டாக ஓடும் ஒரு சின்னஞ்சிறு யூனிட்டாக்கி, அதையும் ஆன்சக்சஸ் வரியில் சேர்த்துவிட்டேன். கணக்கீட்டுக்கு இப்போது சுடோ உரிமையே கிடையாது. முழுக் கோப்பு அமைப்பையும் படிக்க மட்டும் விட்டு, இரண்டே ஃபோல்டர்களை எழுதத் திறந்தேன். யூனிட்டின் பாதுகாப்பை மதிப்பிடும் சிஸ்டம்டி அனலைஸ் கட்டளை, தொடக்கத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஆபத்து என்று காட்டியது, முடிவில் மூன்றுக்குப் பக்கத்தில் வந்தது. அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதை விட்டுவிட்டோம் என்று நினைவூட்டும் பட்டியலாக மட்டும் அது நல்லது.

மனிதர்களுக்குச் சுடோ தேவைப்பட்ட இடம் ஒன்று மிஞ்சியது. அன்றாடம் சர்வரைக் கவனிக்க ஒரு தம்பியைப் புதிதாக நியமித்திருந்தார்கள். லாக் பார்க்க அவருக்குச் சுடோ வேண்டாம். சிஸ்டம்டி ஜர்னல் குழுவில் சேர்த்தால் போதும். பழைய அமைப்பில் லாக் ஃபோல்டரில் உள்ள எதையும் கேட் கட்டளையால் காட்டலாம் என்று நட்சத்திரக் குறியோடு ஒரு விதி இருந்தது. சுடோவில் அந்த நட்சத்திரம் சாய்கோட்டையும் இடைவெளியையும் விழுங்கிவிடும். இரண்டு புள்ளிகளால் ஃபோல்டர்களை ஏறிக் கடந்து, கடவுச்சொற்கள் மறைகுறியாக இருக்கும் ஷேடோ கோப்பைக்கூட அதே விதியால் படித்துவிடலாம். அதை நீக்கி, கணக்கீட்டு யூனிட்டைத் தொடங்கும் ஒரே கட்டளையை முழுப் பாதையோடு, எந்த நட்சத்திரமும் இல்லாமல் எழுதினேன். சுடோ விதிகளைச் சரிபார்க்கும் விசுடோ பிழையில்லை என்றது. ஆனால் தம்பி ஓட்டியபோது அனுமதி இல்லை என்று வந்தது. கால் மணி நேரம் அந்த வரியையே உற்றுப் பார்த்தேன். வரியில் பிழை இல்லை. கோப்பின் பெயரில் நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன். விதிக் கோப்புகள் இருக்கும் சுடோயர்ஸ்.டி ஃபோல்டருக்குள் பெயரில் புள்ளி உள்ள கோப்புகளைச் சுடோ ஓசையில்லாமல் தாண்டிவிடும். அதன் பிறகு, எழுதியதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பயனருக்கு உண்மையில் என்னென்ன கிடைத்திருக்கிறது என்று சுடோவின் எல் விருப்பத்தால் கேட்டுப் பார்ப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வெப்மினைத் திறந்தபோதுதான் உடல் சிலிர்த்தது. ஜேமி கேமரன் 1997இல் எழுதத் தொடங்கிய இந்த நிர்வாக மென்பொருள், வழக்கமாக 10000ஆம் போர்ட்டில் ரூட்டாகவே ஓடுகிறது. அதற்குத் தன் சொந்தப் பயனர் பட்டியல் உண்டு. லினக்ஸ் கணக்கு காலாவதியாகி ஐந்து நாட்களாகியும், விலகியவரின் வெப்மின் கணக்கு தன் சொந்தக் கடவுச்சொல்லோடு, எல்லாப் பகுதிகளையும் திறக்கும் உரிமையோடு உயிரோடு இருந்தது. அதில் கிரான் பகுதியை மட்டும் ஒருவருக்குக் கட்டுப்பாடில்லாமல் கொடுத்தாலே, ரூட் பெயரில் எந்த வேலையையும் ஓட்டலாம். அந்தக் கணக்கை அப்போதே நீக்கினேன். அக்காவின் வெப்மின் லாகினுக்கு, தனிக் கட்டளைகள் என்ற ஒரு பகுதியை மட்டும் விட்டு, அதிலும் கட்டளையைத் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டு, இரண்டு பொத்தான்களை வைத்தேன்: இன்றைய கணக்கை மீண்டும் ஓட்டு, நேற்றைய கணக்கை மீண்டும் ஓட்டு. எந்தத் தேதியையும் தட்டச்சு செய்யும் பெட்டி இருந்தால் நல்லது என்று தம்பி சொன்னார். ரூட்டாக ஓடும் கட்டளைக்குள் யாரோ தட்டச்சு செய்த எழுத்துகள் போவது எனக்குப் பிடிக்காது. அதற்கு முந்தைய தேதி வேண்டுமென்றால் எனக்கு ஒரு அழைப்பு போதும்.

பேக்கப்பை அனுப்பும் சாவிக்கு நாகர்கோவில் கணினியில் மற்ற வசதிகளை முடக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும், கோப்புப் பரிமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர்சிங்க் வழியாக ஒரே ஃபோல்டரில் எழுத மட்டும் விடும் கட்டாயக் கட்டளையையும் சேர்த்தேன். அதே சாவியால் அங்கிருந்து ஒரு கோப்பை இழுக்க முயன்றேன், மறுத்தது; ஷெல் கேட்டேன், அதையும் மறுத்தது.

விலகியவரின் லினக்ஸ் கணக்கை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால், கோப்புகளின் உரிமையாளரைக் குறிக்கும் அவருடைய 1003 என்ற பயனர் எண் விடுபடும். அடுத்து உருவாக்கும் யாருக்காவது அதே எண் கிடைத்து, சர்வரில் எங்கெங்கோ கிடக்கும் அவருடைய கோப்புகள் அந்தப் புதியவரின் சொத்தாகிவிடும். ஃபைண்ட் கட்டளையால் தேடியபோது, வீட்டு ஃபோல்டருக்கு வெளியே 212 கோப்புகள் அந்த எண்ணோடு இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பழைய ரசீதுகள். ஒன்று, மூன்று சேகரிப்பு மையங்களும் கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் பொது லாகினின் சாவி. அதை மையத்துக்கு ஒன்றாகப் பிரிப்பதை அடுத்த வருகைக்கு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை இரவு 9.47க்குப் பட்டியல் வந்துவிட்டதாக அக்காவிடமிருந்து செய்தி வந்தபோது, நான் தக்கலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.